முதலுக்கே மோசம்

புனே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆபீஸில் எனக்கு இரண்டு பட்டங்கள். ஒன்று 'அண்ணா'. இந்தப் பக்கத்தில் தெற்கிலிருந்து வந்தவன் எல்லாருமே அண்ணாதான், வயசு கணக்கில்லை. இன்னொன்று 'க்விஸ் மாஸ்டர்'. வருஷா வருஷம் குடும்ப தின விழாவில் வினாடி வினா நடத்துகிற வேலை எப்படியோ என் தலையில் வந்து விழுந்தது. யாரும் கேட்காமலேயே நான் நீட்டிய தலைதான், பொய் சொல்லக் கூடாது :-)

சில வருஷங்களுக்கு முன் நடந்த விழாவில், கடைசிச் சுற்றில், இரண்டு டீம் சம மதிப்பெண். நான் ரொம்ப நாளாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த கேள்வியை எடுத்தேன்.

"ஒலிம்பிக்கில் தனிநபர் பதக்கம் வென்ற முதல் இந்தியர் யார்?"

அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கும் ஒருவர் சட்டென்று கையைத் தூக்கினார். கராட்காரர், என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். நான் அவரை தாதா என்றுதான் கூப்பிடுவேன். (மராத்தியில் தாதா என்றால் அண்ணன். நம்மூர் சினிமா தாதா இல்லை.) "கஷாபா ஜாதவ்!" என்றார். சொல்லும்போது குரலில் ஒரு பெருமை. கூட்டத்தில் பாதிப் பேர் கைதட்டியே விட்டார்கள்.

நான் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினேன். "தப்பு. நார்மன் பிரிட்சார்ட், 1900, பாரிஸ்" என்றேன். எதிர் டீம் ஜெயித்தது. தாதா ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார். முதல் வரிசையில் அவர் பையன் இருந்தான், நாலாங்கிளாஸோ அஞ்சாங்கிளாஸோ. அவன் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

அந்தப் பார்வை எனக்குப் புதுசில்லை. அதே மாதிரி நானும் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதற்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டும்.

1986-ம் வருஷம் என்று நினைவு. எனக்கு வேலூர்ப் பக்கம். அதற்கு முந்தின வருஷம்தான் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு 'க்விஸ் டைம்' நடத்த ஆரம்பித்திருந்தார். ஊர் ஊராக க்விஸ் ஜுரம். (இந்தியாவில் முறையான வினாடி வினாவை ஆரம்பித்து வைத்தவர் கல்கத்தாவில் நீல் ஓ'பிரையன், 1967-ல் என்பார்கள். அந்த ஜுரம் எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேர டிவி தேவைப்பட்டது.) பள்ளிகளுக்கிடையே போட்டி. எங்கள் டீமில் நானும் இன்னொரு பையனும். கேள்வி வந்தது.

"இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல் யார்?"

எனக்கு சந்தேகமே இல்லை. "பென்டிங் பிரபு" என்றேன்.

"தப்பு. வாரன் ஹேஸ்டிங்ஸ்."

"சார், புஸ்தகத்துல பென்டிங்னு..."

"டேய், உக்காரு. தீர்ப்பு சொல்றவர் சொன்னதுதான் கடைசி."

ஒரு மார்க்கில் தோற்றோம். பரிசு ஆளுக்கு ஒரு ஹீரோ பேனா. அந்தப் பேனாவை நினைத்து நான் எத்தனை நாள் பொருமினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

வேலூர்ப் பையனுக்கு பென்டிங் எப்படி அவ்வளவு பழக்கம் என்று கேட்கலாம். 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டைச் சிப்பாய்ப் புரட்சி. புதுத் தலைப்பாகை, நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்று உத்தரவு போட்டுச் சிப்பாய்களைக் கொதிக்க வைத்த சமயத்தில் சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் இதே வில்லியம் பென்டிங்தான். 1807-ல் கம்பெனி அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. அப்படி அனுப்பப்பட்ட மனுஷர் 1828-ல் கல்கத்தாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கினார். எங்கள் ஊர்க் கோட்டையால் வேலை போனவர் என்பதால் எங்களுக்கு அவர் மறக்காது.

சரி, அந்தக் கேள்விக்கு யார் சொன்னது சரி? பின்னால் படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த ஒரு வரிக்கு நாலு பதில் இருக்கிறது. நாலுமே ஏதோ ஒரு விதத்தில் சரி.

வாரன் ஹேஸ்டிங்ஸ். 1773-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. 1774-ல் ஹேஸ்டிங்ஸ் கவர்னர் ஜெனரல் ஆனார். ஆனால் எதற்கு? வங்காளத்தின் வில்லியம் கோட்டை மாகாணத்துக்கு. சென்னையும் பம்பாயும் சண்டை, சமாதானம் போன்ற விஷயங்களில் அவருக்கு அடங்க வேண்டும் என்று இருந்ததே தவிர, அவருடைய பதவிப் பெயரில் 'இந்தியா' கிடையாது.

பென்டிங். 1833-ல் பட்டயச் சட்டம். வங்காள கவர்னர் ஜெனரல் என்ற பதவி இந்திய கவர்னர் ஜெனரல் என்று மாறியது அந்தச் சட்டத்தில்தான். அப்போது பதவியில் இருந்தவர் பென்டிங். ஆக, பெயர்ப்பலகையில் 'இந்தியா' என்று எழுதிக்கொண்ட முதல் ஆள் அவர்.

மவுண்ட்பேட்டன். 1947 ஆகஸ்ட் 15 முதல் 1948 ஜூன் 21 வரை. அதற்கு முதல் நாள் வரை கடைசி வைஸ்ராய், மறுநாளிலிருந்து சுதந்திர இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல்.

ராஜாஜி. 1948 ஜூன் 21 முதல் 1950 ஜனவரி 26 குடியரசு ஆகும் வரை. அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர், ஒரே இந்தியர், கடைசி ஆளும் அவர்தான். நம்மூரில் கேள்வியை எப்படிக் கேட்டாலும் பாதிப் பேர் ராஜாஜி என்பார்கள். பாசம், வேறென்ன.

இதில் நான் ரொம்ப நாள் கழித்துப் புரிந்துகொண்ட விஷயம் ஒன்று உண்டு. 'வங்காளத்தின்', 'இந்தியாவின்', 'சுதந்திர இந்தியாவின்' என்ற இந்தச் சின்னச் சொற்கள் ஏதோ க்விஸ்காரர்கள் குழப்புவதற்காகப் போட்ட அலங்காரம் இல்லை. அவைதான் சரித்திரமே. 1833-ல் 'வங்காளம்' போய் 'இந்தியா' வந்ததே, அதே சட்டத்தில்தான் சென்னைக்கும் பம்பாய்க்கும் தாங்களே சட்டம் போட்டுக்கொள்ளும் உரிமை பறிபோனது. எல்லாம் கல்கத்தா கைக்குப் போயிற்று. 1861-ல்தான் அந்த உரிமை திரும்பக் கிடைத்தது. ஒரு சொல் மாறியதற்குப் பின்னால் அதிகாரம் இடம் மாறிய கதை இருக்கிறது. கேள்வி எழுதுகிறவர் அந்தச் சொல்லை மிச்சம் பிடித்தால், ஹேஸ்டிங்ஸும் பென்டிங்கும் ஒரே ஆள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். அன்றைக்கு எனக்குப் போனது ஒரு பேனா. அந்த மேடையில் இருந்த எல்லாருக்கும் போனது அந்தக் கதை.

தமிழில் இன்னொரு வம்பும் இருக்கிறது. "முதல் இந்திய கவர்னர் ஜெனரல்" என்று எழுதிப் பாருங்கள். 'முதல் இந்திய' என்று சேர்த்துப் படித்தால் ராஜாஜி. 'இந்திய கவர்னர் ஜெனரல்' என்று சேர்த்துப் படித்தால் பென்டிங். எங்கே மூச்சு விடுகிறோம் என்பதைப் பொறுத்து நூத்துப் பதினஞ்சு வருஷம் வித்தியாசம்!

காங்கிரஸ் தலைவர் கேள்வியும் அப்படித்தான். "காங்கிரஸின் முதல் பெண் தலைவர்" என்றால் அன்னி பெசன்ட், 1917, கல்கத்தா மாநாடு. "முதல் இந்தியப் பெண் தலைவர்" என்றால் சரோஜினி நாயுடு, 1925, கான்பூர் மாநாடு. நடுவில் 'இந்திய' என்ற ஒரு சொல். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தச் சொல்லைப் போடும்போதே நாம் ஒரு தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். லண்டனில் பிறந்து, அடையாறில் வாழ்ந்து, இந்தியாவுக்கு ஹோம் ரூல் கேட்டு சிறை வைக்கப்பட்ட ஒரு அம்மாளை 'இந்தியர்' கணக்கில் சேர்ப்பதில்லை என்ற தீர்ப்பு. அது சரியோ தப்போ, தெரிந்து சொல்ல வேண்டும். தெரியாமல் சொல்லக் கூடாது.

இந்த ஊருக்கு வந்த புதிதில் நான் மாட்டிக்கொண்டது ரயில் கேள்வியில். "இந்தியாவின் முதல் ரயில்?" மும்பை, புனேக்காரர்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. 1853 ஏப்ரல் 16, போரி பந்தரிலிருந்து தானே வரை 34 கிலோமீட்டர். 14 பெட்டி, சுமார் 400 பேர், சாஹிப், சிந்து, சுல்தான் என்று மூன்று எஞ்சின்கள், 21 குண்டு மரியாதை. சண்டையே இல்லை, பிரமாதமான நாள்தான். ஆனால் அதற்கு முன்னாலேயே, 1851 டிசம்பரில், ரூர்க்கியில் கங்கைக் கால்வாய்க்காக சோலானி ஆற்றின் மேல் பாலம் கட்டும்போது, மண் சுமக்க நீராவி எஞ்சின் ஓடியிருக்கிறது. அதற்கும் முன்னால், 1837 வாக்கில், நம் சென்னையில் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு சாலை போடும் கற்களைக் கொண்டுவரத் தண்டவாளம் போட்டிருந்தார்கள்.

நான் ரோஷமாக "எங்க ஊர் செங்குன்றம்தான் முதல்" என்று சொல்லி அப்போது மூக்குடைபட்டேன். இப்போது யோசித்தால், இரண்டு பக்கமும் பாதிதான் சரி. 'பயணிகள் ரயில்' என்று கேட்டால் தானே. 'நீராவி எஞ்சின் இழுத்த சரக்கு ரயில்' என்றால் பேச்சு ரூர்க்கி பக்கம் போகும். 'தண்டவாளத்தில் சரக்கு' என்றால் செங்குன்றம். 'பயணிகள்' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால், கல்லும் மண்ணும் சுமந்த கூலிக்காரர்களின் ரயில் கணக்கிலேயே வராமல் போய்விடுகிறது. ஆட்கள் ஏறினால்தான் ரயிலா? (தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து எங்கள் பக்கத்து வாலாஜா ரோடுக்கு வந்தது. இதை எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன், சொல்லிவிட்டேன்.)

சினிமாவுக்கு வந்தாலும் இதே கதை. முதல் இந்தியப் படம் என்றால் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா', 1913 மே 3. ஆனால் 1912 மே 18-லேயே தாதாசாஹேப் தோர்ணேயின் 'ஸ்ரீ புண்டலிக்' பம்பாயில் திரையிடப்பட்டது, அதுவும் அதே கொரோனேஷன் அரங்கில். அது மேடை நாடகத்தை அப்படியே பிடித்தது, காமிரா பிடித்தவர் வெள்ளைக்காரர், பிலிமை லண்டனுக்கு அனுப்பிக் கழுவினார்கள், அதனால் கணக்கில் சேராது என்பது ஒரு கட்சி. இருக்கலாம். ஆனால் 'முழுக்க இந்தியாவிலேயே தயாரான, கதைக்காகவே எடுத்த' என்று நாலு சொல் சேர்த்தால்தான் பால்கே முதல் ஆவார். அந்த நாலு சொல்லைச் சொல்ல ஏன் வலிக்க வேண்டும்?

நம் பக்கமும் யோக்கியமில்லை. முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31. கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பேச, ஹிந்தியும் கலந்த படம் அது. "தமிழ் கேட்ட முதல் பேசும்படம்" என்றால் சரியாக இருக்கும். நாம் அப்படியா கேட்கிறோம்?

இப்போது தாதாவிடம் வருகிறேன். நான் எடுத்துக்காட்டிக்கொண்டிருந்த குற்றத்தையெல்லாம் நானே மொத்தமாகச் செய்த இடம் அது.

நார்மன் பிரிட்சார்ட் 1875-ல் கல்கத்தாவில் பிறந்தவர், ஆங்கிலேயப் பெற்றோர். அங்கேயே படித்து, அங்கேயே ஓடிப் பெயர் வாங்கினார். 1900-ல் இங்கிலாந்து போயிருந்தபோது லண்டனில் நடந்த போட்டிகளில் ஓடிவிட்டு, பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போனார். 200 மீட்டர் ஓட்டத்திலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் இரண்டு வெள்ளி. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அந்த இரண்டையும் இந்தியா கணக்கில்தான் வைத்திருக்கிறது. ஆனால் பிரிட்டிஷ் விளையாட்டு வரலாற்றுக்காரர்கள் சிலர், அவர் பிரிட்டனுக்காக ஓடியவர் என்று வாதாடுகிறார்கள். பின்னால் அவர் அமெரிக்கா போய், நார்மன் ட்ரெவர் என்ற பெயரில் ஹாலிவுட் மௌனப் படங்களில் நடித்து, 1929-ல் அங்கேயே காலமானார்.

கஷாபா தாதாசாஹேப் ஜாதவ் 1926-ல் பிறந்தார். சதாரா ஜில்லா, கராட் பக்கத்தில் கோளேஷ்வர் என்ற கிராமம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் ஆறாவது இடம். 1952-ல் ஹெல்சிங்கி போகக் காசில்லை. ஊர்க்காரர்களிடம் வசூல் செய்து, போதாததற்குக் கல்லூரி முதல்வர் தன் வீட்டை அடமானம் வைத்துப் பணம் கொடுத்தார் என்று அந்தப் பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள். போய், பாண்டம்வெயிட் பிரிவில் வெண்கலம் வாங்கி வந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம். அடுத்த தனிநபர் பதக்கம் வர 44 வருஷம் ஆயிற்று, 1996-ல் லியாண்டர் பயஸ். நடுவில் ஜாதவ் போலீஸில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, 1984-ல் ஒரு சாலை விபத்தில் போய்ச் சேர்ந்தார். அர்ஜுனா விருது அவர் இறந்த பிறகுதான் கொடுத்தார்கள்.

என் கேள்வியில் 'சுதந்திர இந்தியாவின்' என்று இருந்திருந்தால் பதில் ஜாதவ். 'இந்தியா கணக்கில் பதிவான முதல் பதக்கம்' என்று இருந்திருந்தால் பிரிட்சார்ட். நான் எழுதியது "முதல் இந்தியர்". பிரிட்சார்ட் இந்தியரா என்பதே வழக்காடு விஷயமாக இருக்கும்போது, அந்தச் சொல்லுக்கு ஜாதவ்தான் நேராகப் பொருந்துகிறார். தாதா சொன்னது என் கேள்விக்குச் சரியான விடை. நான் வைத்திருந்தது வேறு ஒரு கேள்விக்கான விடை.

இதைவிட வெட்கமான விஷயம் வேறு. எனக்கு ஜாதவைத் தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும். மகாராஷ்டிராக்காரர்கள் எல்லாரும் ஜாதவ் என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும், மடக்கலாம் என்றுதான் அந்தக் கேள்வியையே எடுத்தேன். வேண்டுமென்றே 'சுதந்திர' என்ற சொல்லை விழுங்கினேன். அந்தச் சொல்லைப் போட்டால் கேள்வி சுலபமாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடினமான கேள்வி வேறு, கண்ணி வைத்த கேள்வி வேறு. கடினமான கேள்வியில் தெரிந்தவன் ஜெயிப்பான். கண்ணி வைத்த கேள்வியில் தெரிந்தவன்தான் தோற்பான்.

மறுநாள் காண்டீனில் தாதா எதிரில் வந்து உட்கார்ந்தார். கோபமாக இல்லை. "அண்ணா, ஒண்ணு கேக்கணும். நேத்து ராத்திரி பையன் கேட்டான், கஷாபா நம்ம ஆளு இல்லையாப்பான்னு. நான் என்ன சொல்லட்டும்?" என்றார்.

எனக்கு டீ இறங்கவில்லை. "தாதா, நீங்க சொன்னதுதான் சரி. என் கேள்விதான் தப்பு" என்றேன்.

"அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி, இப்படிப்பட்ட தப்புக் கேள்விகளுக்குக் கோர்ட் என்ன சொல்லும் என்று தேட ஆரம்பித்தேன். ஆபீஸ் க்விஸில் போவது ஒரு கோப்பை. ஆனால் பரீட்சையில் இப்படி ஆனால்? ஒரு அருமையான தீர்ப்பு கிடைத்தது. உத்தரப் பிரதேசத்தில் 1982-ல் மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு, கொடுத்திருக்கும் விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. பல்கலைக்கழகம் வெளியிட்ட விடைக்குறிப்பிலேயே சில விடைகள் தப்பு என்று மாணவர்கள் பாடப்புத்தகங்களோடு கோர்ட்டுக்குப் போனார்கள். கான்பூர் பல்கலைக்கழகம் - சமீர் குப்தா வழக்கு என்று பெயர். 1983-ல் சுப்ரீம் கோர்ட் மாணவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட். அவர் பிறந்தது இதே புனேயில்!

தீர்ப்பின் சாரம் இதுதான். விடைக்குறிப்பு சரியானது என்றே பொதுவாக எடுத்துக்கொள்ள வேண்டும். அது தப்பு என்று ஐயத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும், சுற்றி வளைத்து வாதம் செய்து அல்ல. ஆனால் அப்படிக் காட்டிவிட்டால், தப்பான விடையோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக மாணவனைத் தண்டிப்பது அநியாயம். கூடவே கொஞ்சம் அறிவுரை. விடைக்குறிப்பையும் ஒருவர் சரிபார்க்க வேண்டும், இரண்டு அர்த்தம் வரும் கேள்வியைத் தவிர்க்க வேண்டும், வந்துவிட்டால் உடனே அந்தக் கேள்வியை நீக்கிவிட்டு அதற்கு யாருக்கும் மதிப்பெண் கொடுக்கக் கூடாது.

பின்னால் 2017-ல் ரண் விஜய் சிங் வழக்கில் அதே சுப்ரீம் கோர்ட், சந்தேகம் என்று வந்தால் அதன் பலன் தேர்வு நடத்துகிறவருக்குத்தான், தேர்வு எழுதியவருக்கு இல்லை என்றும் சொல்லியிருக்கிறது. லட்சக்கணக்கான பேர் எழுதும் தேர்வை ஒவ்வொரு கேள்வியாகக் கோர்ட்டில் வைத்துத் திருத்த முடியாது என்ற கவலை புரிகிறது. ஆனால் அதனாலேயே கேள்வி எழுதுகிறவனின் பாரம் கூடுகிறது. சந்தேகத்தின் பலன் உனக்கு என்றால், சந்தேகம் வராமல் எழுதும் கடமையும் உனக்குத்தான்.

2024 நீட் தேர்வை மறந்திருக்க மாட்டீர்கள். மற்ற குளறுபடிகளை விடுங்கள், இயற்பியலில் ஒரே ஒரு கேள்வி. 'ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை' என்று ஒரு வாக்கியம். பழைய பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. புதிய பதிப்பில் அது 'பெரும்பாலான தனிமங்களின்' என்று திருத்தப்பட்டிருந்தது. அண்ணன், அக்காவின் பழைய புத்தகத்தில் படித்த பிள்ளைகளுக்காக முதலில் இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். சுப்ரீம் கோர்ட் டெல்லி ஐஐடியில் மூன்று நிபுணர்களைப் பார்க்கச் சொல்ல, ஒரே விடைதான் சரி என்று ஆயிற்று. 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஐந்து மதிப்பெண் குறைந்தது. முழு மதிப்பெண் வாங்கியிருந்த 44 பேர் அந்த இடத்தை இழந்தார்கள். 'ஒவ்வொரு', 'பெரும்பாலான' என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் இத்தனை பிள்ளைகள் நின்றிருக்கிறார்கள். அறிவியல்படி தீர்ப்பு சரிதான். ஆனால் பழைய புத்தகம் யார் வீட்டில் இருக்கும் என்று யோசித்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

இதெல்லாம் படித்த பிறகு எனக்கு நானே சில விதிகள் வைத்துக்கொண்டேன். பெரிய விஷயமில்லை, வீட்டு வைத்தியம் மாதிரி.

'முதல்' என்று எழுதினால், எதில் முதல், யாருடைய கணக்கில் முதல் என்று பக்கத்திலேயே எழுதிவிடுவது. வருஷம் போட்டால் பாதிச் சண்டை தீரும். "1833 சட்டப்படி இந்திய கவர்னர் ஜெனரல் ஆனவர் யார்" என்று கேட்டால் ஹேஸ்டிங்ஸ் எட்டிப் பார்க்க மாட்டார்.

கேள்வியை எழுதிவிட்டு, என் விடையை மூடி வைத்துவிட்டு, தப்பான விடை என்று நான் நினைப்பதற்காக ஒரு வக்கீல் மாதிரி வாதாடிப் பார்ப்பது. வாதம் ஐந்து நிமிஷம் நின்றால் கேள்வியைக் கிழித்துப் போடுவது.

மேடையில் யாராவது ஆட்சேபித்தால், உக்காரு என்று சொல்லாமல் காரணம் கேட்பது. தீர்ப்பே இறுதியானது என்பது நேரத்தை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு, அவ்வளவுதான். அது உண்மையை மாற்றாது.

கடைசியாக, அந்த விஷயத்தில் பாசம் உள்ள ஒருவரிடம் முன்கூட்டியே காட்டுவது. எனக்கு மும்பை ரயில், ஹெல்சிங்கி பதக்கம் எல்லாம் தகவல். அவர்களுக்கு அது வீடு. வீட்டுக்காரருக்குத் தெரியும், எந்தச் சொல்லை எடுத்தால் எந்தச் சுவர் விழும் என்று.

அடுத்த வருஷ விழாவில் க்விஸ் ஆரம்பிக்கும் முன் மைக்கைப் பிடித்து, போன வருஷக் கடைசிக் கேள்வி தப்பு, தாதா சொன்ன விடைதான் சரி என்று சொன்னேன். கோப்பையைத் திருப்பி வாங்க முடியாது, வாங்கியவர்கள் என்ன செய்வார்கள் பாவம். அப்புறம் இரண்டு கேள்வி கேட்டேன். இந்தியாவின் பெயரில் பதிவான முதல் ஒலிம்பிக் பதக்கங்களை வென்றவர் யார்? சுதந்திர இந்தியாவுக்காக முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் வென்றவர் யார்? இரண்டாவதற்குப் பார்வையாளர் வரிசையிலிருந்து கை தூக்கியது அந்தப் பையன்தான். தாதா அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாரா என்று நான் விசாரிக்கவில்லை :-)

இப்போதெல்லாம் கேள்வித்தாள் தயாரானதும் முதல் பிரதி தாதாவுக்குத்தான் போகிறது. சிவப்பு மை பேனாவோடு உட்கார்ந்து கணக்குத் தணிக்கை மாதிரி பார்க்கிறார். போன தடவை ஒரு கேள்வியைச் சுழித்து ஓரத்தில் எழுதியிருந்தார்: "அண்ணா, எந்த இந்தியா?"

உங்களுக்கும் இப்படி ஒரு 'முதல்' கேள்வியில் பேனாவோ கோப்பையோ போயிருக்கும். என்ன கேள்வி, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். உட்கார வைக்க மாட்டேன், சத்தியம்.